மகளுக்குத் தைக்கும் புதுச்சட்டை

மானிப்பாயிலே சித்திரைப் புத்தாண்டும் மருதடிப் பிள்ளையாரின் தேரும் ஒரே நாளில் வருவன. ஆதலால் பங்குனி மாதத்தின் பிற்கூறில் ஊரின் ஒழுங்கைகளிலே நடந்து செல்பவர் எவரும் தையல் மெஷினின் ஓசையைக் கேளாமற் செல்ல முடியாது. வேலிக்கு அப்பால், விறாந்தையிலோ சாளரத்தின் அருகிலோ, ஒரு தாய் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். பக்கத்திலே நிலத்தில் ஒரு சிறுமி அமர்ந்து வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிப் பாவைக்குச் சீலை கட்டிக்கொண்டிருப்பாள். இடையிடையே அவளை எழுப்பி நிறுத்தித் தோளிலும் இடுப்பிலும் துணியை வைத்து அளந்து பார்ப்பதும், "அசையாமல் நில் பிள்ளை, ஊசி குத்தப் போகுது" என்று தாய் கடிந்துகொள்வதும் நாம் எல்லோரும் கண்டு பழகியவையே.

பழகிப்போன காட்சிகளுக்குச் சரித்திரம் உண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். இராசதானிகளின் எழுச்சி வீழ்ச்சிகளை எழுதியவர்கள், கோவில்களின் கோபுர வரலாற்றை எழுதியவர்கள், ஒரு பெண்பிள்ளையின் புதுச்சட்டை எவ்வாறு வந்தது என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் நிலமும் சாதியும் மதமும் அந்நிய ஆட்சியும் போரும் அந்த ஒரு முழத் துணிக்குள் மடித்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர்.

யாழ்ப்பாணத்து வீட்டிலே பெண்பிள்ளையின் வளர்ச்சிக்குப் படிகள் பல. முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிவு, முதற்பல் முளைத்ததும் தலையிலே வெள்ளைத் துணி விரித்துக் கொழுக்கட்டை சொரிதல், சோறு தீத்தல், காது குத்தல், விசயதசமியன்று ஏடு தொடக்கல், பின்னர் சாமத்தியம். படி ஒவ்வொன்றுக்கும் ஓர் உடை உண்டு. குழந்தையின் சீத்தைச் சட்டையிலே தொடங்கி, பட்டுப் பாவாடையிலே வளர்ந்து, சாமத்தியத்தின் சீலையிலே ஒரு கட்டம் முடிகிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலே சிறுமி அணியும் கவுணும் சட்டை. வளர்ந்த பெண் சீலைக்குள் அணியும் ரவிக்கையும் சட்டை. இந்த ஒரு சொல்லின் பின்னால்தான் நம் கதை போகிறது.

தைத்த உடை நம் பெண்களுக்குப் பண்டு தொட்டு உரியதன்று. குறுக்குக்கட்டுக் கட்டிய மூதாட்டியரை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையும் ஊர்தோறும் காணலாமாயிருந்தது. துணிக்குக் குறைவிருந்ததால் அப்படி வாழ்ந்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. நெசவும் சாயத்தொழிலும் இங்கு பெருந்தொழில்களாயிருந்தன. மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் தோண்டி எடுத்த சாயவேரைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள 1658 முதல் 1796 வரை ஆண்ட ஒல்லாந்தர் அரும்பாடுபட்டனர். துணி இருந்தது, அதைக் கத்தரித்து உடம்பின் அளவுக்குத் தைக்கும் வழக்கமே இல்லாதிருந்தது. பின்னர் மாஞ்செஸ்டர் ஆலைத் துணி வந்து நெசவுகாரரின் தறியை அடக்கியது. ஏறக்குறைய அதே காலத்தில் ஊசியும் நூலும் கத்தரிக்கோலும் வேறொரு வழியால் ஊருக்குள் வந்தன.

அந்த வழி உடுவிலால் வந்தது. மானிப்பாயிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் உள்ள உடுவிலில், 1824ஆம் ஆண்டு, அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்தறிவித்தல் ஊர்வழக்கில் இல்லாத காலம் அது. உணவும் உடையும் கொடுத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். அமெரிக்காவிலே பணம் கொடுத்த புண்ணியவான்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டினார்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு, வேதபாடம் ஆகியவற்றோடு தையலும் அங்கே பாடமாயிற்று. தன் சட்டையைத் தானே தைத்து அணிந்த முதலாவது தலைமுறை யாழ்ப்பாணத்துப் பெண்களுள் உடுவிற் பிள்ளைகளுக்கு முக்கிய இடம் உண்டு.

ஹரியற் அம்மையார் 1833இல் இறந்தார். அதன்பின் பாடசாலையைத் தாங்கி நின்றவர் ஸ்போல்டிங் பாதிரியாரின் மனைவி மேரி. இவ்விரு பெண்களின் கணவன்மாரையும் தமிழுலகம் நன்கு அறியும். 58,500 சொற்கள் கொண்டதும் 1842இல் மானிப்பாய் அச்சகத்தில் அச்சானதும் ஆகிய மானிப்பாய் அகராதியோடு ஸ்போல்டிங்கின் பெயர் சேர்ந்திருக்கிறது. 1862இல் வெளிவந்த பெரும் தமிழ் - ஆங்கில அகராதியோ மைரன் வின்ஸ்லோவின் பெயரால் வழங்குகிறது. கணவன்மார் சொற்களைச் சேர்த்தனர். மனைவிமார் பெண்பிள்ளைகளைச் சேர்த்தனர். நூலகத்துக்குப் போனவர் எவர், அடுப்படிக்குப் போனவர் எவர் என்பது வாசகருக்குத் தெரியாததன்று. (வேறொரு செய்தியையும் இவ்விடத்திலே சொல்லிவிடலாம். ஹரியற் அம்மையாரின் மகள் வழியில் வந்த கொள்ளுப்பேரர்கள் இருவர், 1950களில் அமெரிக்க வெளிநாட்டமைச்சராயிருந்த ஜோன் பொஸ்டர் டல்லசும், உளவுத்துறைத் தலைவராயிருந்த அலன் டல்லசும் ஆவர். கொள்ளுப்பாட்டி உடுவிலில் ஊசி பிடிக்கக் கற்பித்தார் என்பதற்காகப் பேரப்பிள்ளைகளை மன்னிக்க வேண்டும் என்பதில்லை. பேரப்பிள்ளைகள் செய்தவற்றுக்காகக் கிழவியை வைவதும் நியாயமன்று.)

1840இல் வந்த எலைசா அக்னியூ என்ற மணமாகாத பெண், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உடுவிலை நடத்தினார். ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாமல் இந்த மண்ணிலேயே வாழ்ந்து 1883இல் மானிப்பாயிலே கண்மூடினார். தாய்மார்களையும் அவர்களின் பெண்மக்களையும் பின்னர் பேத்திமாரையும் அவர் கற்பித்தார்; ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். தாய் மகளுக்குத் தையல் கற்பிக்கும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றியது இந்தத் தலைமுறைகளிலேதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடுவிலில் படித்து முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையை மணந்த பெண்ணுக்கு மிஷனே சிறிய சீதனம் கொடுத்தது. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமை பெண்ணின் சீதனத்துக்கு எத்துணை இடம் கொடுத்திருந்தது என்பதை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. சிலை வணக்கத்தை எதிர்க்கத் துணிந்த பாதிரிமாரும் சீதனத்தை எதிர்க்கத் துணியவில்லை. பெண்ணின் கையிலே ஊசியைக் கொடுத்தார்கள். அவள் விலையைக் குறிக்கும் கைகளை மாற்றினார்கள் இல்லை.

மானிப்பாய்க்கே உரிய வேறொரு முரணும் உண்டு. 1847இல் இலங்கை வந்து, மறு ஆண்டு முதல் மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்து, தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் வைத்தியரை நாம் நன்றியோடு நினைக்கிறோம். உடற்கூற்று நூலையும் இரண வைத்திய நூலையும் தமிழுக்குத் தந்தவர் அவர். தம் மாணவர்கள் காற்சட்டையும் தொப்பியும் அணிந்து போலி ஐரோப்பியராவதை அவர் வெறுத்தார். கிறிஸ்தவர் ஆகலாம், தமிழர் அல்லாதவராகக் கூடாது என்பது அவர் கொள்கை. மெச்சத்தக்க கொள்கைதான். ஆயினும் அதே மிஷன், அதே ஆண்டுகளில், சிறிது தூரத்திலே, பெண்பிள்ளைகளின் உடலுக்குத் தைத்த சட்டை அணிவிப்பதை நாகரிகத்தின் முதற்படியாகக் கருதிற்று. ஆணின் உடை தேசியத்துக்குரியது. பெண்ணின் உடை ஒழுக்கத்துக்குரியது. இந்தப் பாகுபாடு பாதிரிமாரோடு போய்விடவில்லை. அவர்களை எதிர்த்த சைவப் பெரியோரும் அவர்களுக்குப் பின்வந்த தேசியவாதிகளும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இன்றும் பெண்பிள்ளையின் சட்டைக் கை முழங்கை வரை வந்ததா என்று பார்க்கும் கண்களுக்கு ஊரிலே பஞ்சமில்லை.

இதுவரை சொன்னது சட்டை அணியலாம் என்று அனுமதிக்கப்பட்டவர்களின் கதை. அணியக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் கதை வேறு.

யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பில் பஞ்சமர் எனப்பட்ட வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் ஆகிய மக்களின் பெண்கள் மேற்சட்டை அணியக் கூடாது. நகை பூணக் கூடாது. ஆண்கள் தோளிலே சால்வை போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது, வழக்கத்தால் ஒழியவில்லை. கோவிற் கதவு மூடியிருந்ததைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். ஒரு தாய் தன் மகளுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுக்கும் உரிமை மூடியிருந்ததைப் பற்றி எழுதியவர்கள் சிலரே. ஒரு முழச் சீத்தைக்கு வேண்டிய காசை அவள் கூலியில் மிச்சம் பிடித்திருப்பாள், ஊசியும் கிடைத்திருக்கும், ஆனால் அந்தச் சட்டையோடு மகள் ஒழுங்கையில் இறங்கினால் அது கிழிக்கப்படும் என்பதை அவள் அறிவாள்.

கடலுக்கு அப்பால், தென் திருவிதாங்கூரிலும் இதே கொடுமை இருந்தது. அங்கே நாடார் குலப் பெண்களின் மேற்சட்டைப் போராட்டம் 1820களில் தொடங்கி நாற்பது ஆண்டு நடந்தது, சந்தைகளில் சட்டைகள் கிழிக்கப்பட்டன, வீடுகள் எரிந்தன. ஈற்றில் 1859இல் அரச பிரகடனம் பிறந்தது. சட்டை போடலாம், ஆனால் மேற்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்பது அப்பிரகடனத்தின் சாரம். அங்கே வழக்கை அரசன் தீர்க்க வேண்டியிருந்தது. அதனால் ஏட்டிலே பதிந்தது. யாழ்ப்பாணத்தில் அத்தகைய பிரகடனம் எதுவும் இல்லை. இங்கே வழக்கு ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒவ்வொரு கிணற்றடியிலும் தனித்தனியே நடந்தது, தனித்தனியே தோற்றது, தனித்தனியே வென்றது.

சாமத்தியச் சடங்கைச் சற்று உற்றுப் பார்ப்போம். பிள்ளை பெரியபிள்ளையானதும் அவளை ஒரு மூலையில் இருத்துவார்கள். குப்பைத் தண்ணீர் வார்ப்பார்கள். அன்று அவள் அணிந்திருந்த துணி கட்டாடி வீட்டுப் பெண்ணிடம் போகும்; மாற்றுத் துணி அவள் கையால் வரும். சடங்கு நாளன்று பந்தலின் கீழ் வெள்ளை கட்டுபவரும் கட்டாடியே. தூய வெள்ளைத் துணியின் கீழே மாமியார் பால் அறுகு வைத்துத் தண்ணீர் வார்க்க, மாமன் தேங்காய் உடைக்க, புதுச்சீலையில் பெண் வந்து நிற்க, ஆலாத்தி எடுக்கப்படும். ஊர் கூடி மகிழும் அந்த நாளின் ஒவ்வொரு துணியும் ஒரு பெண்ணின் கையால் வெளுக்கப்பட்டது. அந்தக் கை தீண்டத்தகாத கை! தீட்டைக் கழுவுவதற்கு அவள் வேண்டும்; கழுவி முடிந்ததும் பந்தலுக்கு வெளியே அவள் நிற்க வேண்டும். அவள் மகளும் ஒருநாள் பெரியபிள்ளையாகியிருப்பாள். அவளுக்குச் சட்டை இல்லை, மேளமும் இல்லை.

தையல் மெஷின் இந்த உலகத்துக்குள்ளே எப்படி நுழைந்தது? சிங்கர் கம்பெனி கொழும்பிலே கிளை திறந்தது 1877இல். தவணைப் பணத்துக்குப் பொருள் விற்கும் முறையை உலகெங்கும் பரப்பிய கம்பெனி அது. நாளடைவில் யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்து வீடுகளில் மெஷினும் சீதனப் பொருள்களுள் ஒன்றாயிற்று. யந்திரங்களை எதிர்த்த காந்தியடிகளும் 1924இல் சிங்கர் மெஷினுக்கு மட்டும் விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் கண்ட அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்று அவர் நம்பினார். பல பெண்களோடு குடும்பம் நடத்திப் பலரையும் கைவிட்ட சிங்கரின் வாழ்க்கையை அறிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பர். ஆனாலும் அடிகளின் தவறான சான்றுக்குள்ளே ஒரு சரியான உணர்வு இருக்கிறது. 1927இல் யாழ்ப்பாணத்து இளைஞர் காங்கிரசின் அழைப்பில் அவர் இங்கு வந்து கதருக்குப் பணம் திரட்டியபோது, அந்நியத் துணியைத் துறக்க உறுதிபூண்டவர்களின் கதரும் இந்த மெஷினிலேதான் தைக்கப்பட்டிருக்கும்.

அன்பினால் தைக்கும் துணி ஒன்று. கூலிக்குத் தைக்கும் துணி வேறொன்று. 1863 ஜூன் மாதத்தில் இலண்டனில், இளவரசியின் வரவேற்பு நடனத்துக்குச் சீமாட்டிகளின் உடைகளை விரைந்து தைப்பதற்காக, மேரி ஆன் வாக்லி என்ற இருபது வயதுப் பெண் வேறு அறுபது பெண்களுடன் இருபத்தாறரை மணி நேரம் ஓய்வின்றி உழைத்தாள். வெள்ளிக்கிழமை நோயுற்று ஞாயிற்றுக்கிழமை இறந்தாள். மார்க்ஸ் மூலதனத்தின் முதற்பாகத்தில் இதை எழுதி வைத்ததால் அவள் பெயர் நமக்குத் தெரிகிறது. விழாவுக்கு உடுத்தும் பட்டின் மடிப்புக்குள்ளே விழாவுக்கு அழைக்கப்படாத ஒருத்தியின் உழைப்பு இருக்கிறது; இலண்டனில் தையற்காரி, மானிப்பாயில் கட்டாடிச்சி.

நம் பெண்பிள்ளைகள் எல்லோர்க்கும் சட்டையைக் கொண்டுவந்தது, உண்மையில், விழாவன்று, பள்ளிக்கூடம். 1930ஐ ஒட்டிச் சமபந்தி, சம ஆசனம் பற்றிய அரசாங்க உத்தரவு வந்தபோது, ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் நிலத்திலிருந்து எழுந்து வாங்கில் இருப்பதைப் பொறாதவர்கள் சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தார்கள். இளைஞர் காங்கிரசார் சம ஆசனத்தின் பக்கம் நின்றது அவர்களுக்கு என்றும் பெருமை. 1945இல் இலவசக் கல்வி வந்தது. வெள்ளைச் சீருடை பரவியது. எந்தப் புரோகிதரும் நாள் குறிக்காத, எந்த மாமனும் தேங்காய் உடைக்காத அந்த வெள்ளைச் சட்டையை நான் எல்லா விழா உடைகளிலும் பெரிதாக மதிக்கிறேன். அதை அணிந்து வரிசையில் நிற்கும் நாற்பது பிள்ளைகளில் எவள் எந்த வீட்டுப் பிள்ளை என்று துணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. சொல்ல விரும்பியவர்கள் வேறு வழி கண்டுகொண்டார்கள் என்பதும் உண்மையே. ஆசிரியராயிருப்பவர் எவரும் அதை மறுக்கமாட்டார். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தும் 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்தில் ஊர்வலம் போக வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோவில் வாசலில் மக்கள் நிற்க வேண்டியிருந்தது.

1970 முதல் 1977 வரை துணி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் கைத்தறிகள் மீண்டும் ஓடின. கூட்டுறவு நெசவு நிலையங்களில் பெண்கள் வேலை பெற்றார்கள். உள்ளூர்த் துணியின் கரடுமுரடைப் பழித்தவர் பலர். 1977இல் கதவு திறந்தது, வெளிநாட்டுத் துணி குவிந்தது, தறிகள் ஓய்ந்தன. மறு ஆண்டு கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. வெளிநாட்டாரின் பிள்ளைகளுக்கு நம் நாட்டுப் பெண்கள் சட்டை தைக்கலானார்கள்.

பின்னர் போர். அதைப் பற்றி எழுதாது இக்கட்டுரையை முடித்தல் எளிது, நேர்மையாகாது. வீட்டில் தாய் சிறுமியின் சட்டையைத் தைப்பாள். ஆனால் சீலைக்குரிய சட்டையைக் கச்சிதமாகத் தைப்பதற்குப் பட்டணத்துத் தையற்காரரிடம் போவதே வழக்கம். அவர்களுள் பலர் சோனகத் தெரு முஸ்லிம்கள். என் தாயாரின் கலியாணச் சட்டையைத் தைத்தவர் அப்படி ஒருவரே. மூன்று தலைமுறைப் பெண்களின் அளவுகள் அவரது கொப்பியில் இருந்ததாகத் தாயார் சொல்வார். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துள் வெளியேறும்படி பணித்தார்கள். அவர்கள் வெறுங்கையோடு போனார்கள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தது. மானிப்பாயும் அதிலே போயிற்று. மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி, அடி எடுத்து வைக்க இடமில்லாத சனத்திரளில் நாங்கள் நின்றபோது, தாயார் சைக்கிளின் பின்கரியரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதிலே சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தது மெஷினின் தலைப்பாகம். இரும்புக் கால்களை வீட்டில் விட்டு வந்தோம். "அவையளும் இப்பிடித்தானே போயிருப்பினம்" என்று நடுவழியில் அவர் ஒருமுறை சொன்னார். எவரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இன்று மானிப்பாயில் சாமத்திய வீடு மண்டபத்தில் நடக்கிறது. பெண்ணுக்கு மூன்று உடை, நான்கு உடை. இந்தியாவிலிருந்து வந்த லெகங்கா. வீடியோக்காரருக்குத் தனிச் செலவு. வெளிநாட்டுப் பணம் இருப்பவர் செய்கிறார். இல்லாதவர் கடன்பட்டுச் செய்கிறார். போருக்குப் பின் கிளிநொச்சியில் திறந்த ஆடைத் தொழிற்சாலைகளிலே நாள் முழுவதும் அந்நியர் உடுப்பைத் தைக்கும் தாய், மகளின் சடங்குக்கு உடுப்பைக் கடையிலே வாங்குகிறாள். வீட்டில் தைக்க அவளுக்கு நேரமில்லை. இவற்றையெல்லாம் கண்டு முற்போக்கு நண்பர்கள் கோபப்படுகிறார்கள். பெண்ணின் உடலை ஊருக்கு அறிவிக்கும் பிற்போக்குச் சடங்கு, ஆடம்பரம், கடன் என்கிறார்கள். மூன்றும் உண்மை.

ஆனால் சென்ற ஆண்டு ஒரு சாமத்திய வீட்டுக்குப் போயிருந்தேன். என்னிடம் படித்த ஒருத்தியின் மகளுக்கு. அவளுடைய பாட்டி எங்கள் ஊர் வீடுகளுக்கு வெளுத்த பெண். பந்தலுக்கு வெளியே நின்று மாற்றுத் துணி கொடுத்தவள். அன்று மண்டபத்தில் நாதசுரம், நிறைந்த பந்தி, தங்கநிறப் பட்டில் பேத்தியின் மகள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், "இவைக்கு ஏன் இந்த ஆடம்பரம்?" என்று என் காதுக்குள் சொன்னார். 1968இல் மாவிட்டபுரத்துக்கு ஆதரவாகப் பேசியவர்தான். தம் மகளின் சடங்கை அவர் எப்படிச் செய்தார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு பெண்ணின் உடலைச் சடங்காக்குவதை நான் ஒப்பவில்லை. என் மகளுக்கு அதைச் செய்யப்போவதும் இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் வசதி எனக்கு இருப்பது, என் பாட்டிக்கு அது தடுக்கப்படவில்லை என்பதனாலேதான். கிழிக்கப்பட்ட சட்டைக்குப் பதிலாக அந்தக் குடும்பம் நான்கு சட்டை வாங்குகிறது. கணக்குச் சரியா பிழையா என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் தகுதி என் பக்கத்தில் இருந்தவருக்கு இல்லை, எனக்கும் இல்லை.

1996 சித்திரையில் நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. மெஷினின் இரும்புக் கால்கள் துருப்பிடித்து அதே சாளரத்தடியில் நின்றன. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துத் தாயார் தலைப்பாகத்தைப் பூட்டினார். இந்தப் பங்குனியில் அதிலேதான் என் மகளுக்குச் சட்டை தைத்தேன். தேரன்று உடுத்த வேண்டும் என்றாள். கீழ்மடிப்பை மூன்று விரல் அகலத்துக்கு விட்டிருக்கிறேன். வருகிற ஆண்டும் இறக்கி உடுத்தலாம். பொத்தானை மட்டும் தானே தைப்பேன் என்று வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு பொத்தான் கோணலாக இருக்கின்றன, நான் பிரிக்கவில்லை.